பூட்டம்மா போட்ட பூட்டு

மேடையில் கலங்கிய கண்ணோடு அமர்ந்திருக்கும் இயக்குநர் ஐயா அவர்களே, மருத்துவர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மாவின் வீட்டுக்காரர் அவர்களே, மகளே, நம் ரத்த வங்கியின் சக தொழிலாளர்களே, கேள்விப்பட்டு ஓடிவந்திருக்கும் ரத்தம் கொடுத்த புண்ணியவான்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

நான் குளிர்பெட்டி மெக்கானிக். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. படித்தவர்கள் இத்தனை பேர் இருக்க என்னைப் பேசச் சொன்னது ஏன்? காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

நம் கணினிப் பிரிவுத் தலைவர் அம்மாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று. நான் வைத்த பெயர் பூட்டம்மா. அவர் எனக்கு வைத்த பெயர் மைக்செட். ஒன்பது வருடம் இந்தக் கட்டடத்தில் பூட்டும் மைக்செட்டும் ஒன்றாக வேலை பார்த்தன.

அவர் வேலைக்கு வந்த முதல் வாரம். குளிர் எவ்வளவு என்று மணிக்கொரு தரம் தாளில் எழுதி ஆணியில் மாட்டுவது என் வேலை. ஒரு பக்கம் அச்சடித்து வீணான தாள்கள் கம்ப்யூட்டர் அறையிலிருந்து கட்டுக்கட்டாக வரும். பின்பக்கம் சும்மாதானே இருக்கிறது என்று அதில் எழுதுவேன். அம்மா உள்ளே வந்தார். ஆணியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். திருப்பினார். அவர் முகம் என் பெட்டிகளைவிடக் குளிர்ந்துபோயிற்று.

"அண்ணா, இந்த மாதிரி தாள் எத்தனை இருக்கு?"

"இன்னும் அரைக்கட்டு இருக்கும் மேடம்."

"மீதி அரைக்கட்டு?"

"ரத்தம் குடுக்க வந்தவங்க புழுக்கமா இருக்குன்னாங்க. விசிறிக்கோங்கன்னு ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன்."

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அது என்ன தாள் தெரியுமா? கம்ப்யூட்டருக்கு எழுதிவைத்த வேலைச்சீட்டு. ஸ்கிரிப்ட் என்பார்கள். தினமும் மதியம் ஒன்றரை மணிக்கு, கவுண்டர் சாப்பாட்டுக்கு மூடும் நேரத்தில், தானாக எழுந்திரு; நாற்பதாயிரம் பேரின் விவரத்தைத் திற; படியெடு; வேறொரு பெட்டியில் வை. இதுதான் சீட்டு. நல்ல சீட்டுதான்! ஆனால் திறக்கிற பாஸ்வேர்டையும் முன்னே இருந்த யாரோ அதிலேயே எழுதித் தொலைத்திருந்தார்கள். யாருக்கு என்ன நோய், எந்தப் பை யாருக்குப் போனது, எல்லாவற்றுக்கும் சாவி அது! அதைத்தான் நான் நாலு மாதமாக ஆணியில் மாட்டியிருந்தேன்! அதைத்தான் ஜனங்கள் விசிறிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்!

என்னைத் திட்டினாரா? ஒரு வார்த்தை இல்லை. "தப்பு உங்க மேல இல்லண்ணா. வேலைச்சீட்டுல சாவியை எழுதினது தப்பு" என்றார். அன்று மாலைக்குள் அந்தப் பாஸ்வேர்டு செல்லாக்காசாகிவிட்டது.

அப்புறம் என்ன செய்தார் என்பதை ஒரு டீ நேரத்தில் எனக்குப் புரியவைத்தார்.

"சீட்டு இனிமே யார் கையில கிடைச்சாலும் கிடைக்கட்டும் அண்ணா, அதுல சாவி இருக்காது. சாவி தனியா ஒரு ஃபைல்ல இருக்கு. அதை ஒரே ஒருத்தன்தான் தொட முடியும்."

"எனக்குத் தெரியாம யாரு மேடம் அவன், புதுசா?"

"ஆள் இல்ல. படியெடுக்கிறதுக்குன்னே கம்ப்யூட்டருக்குள்ள உண்டாக்கின ஒரு பேரு. அவனால படிக்க மட்டும்தான் முடியும். ஒரு எழுத்தை மாத்தவோ அழிக்கவோ முடியாது."

"கதவுகிட்ட போய் பாஸ்வேர்டைச் சத்தமா சொல்லித் திறப்பானா?"

"சத்தமா சொன்னா பக்கத்துல நிக்கிறவன் காதுல விழுமே! அதனாலதான் உங்களை அந்த வேலைக்கு வைக்கல."

அந்த வாய் பேசாத வேலைக்காரனுக்குக் கமுக்கன் என்று நான்தான் பெயர் வைத்தேன். சரி, அந்தப் பாஸ்வேர்டு என்னதான் மேடம் என்று வாயைக் கிளறினேன். சிரித்தார்.

"எனக்கே தெரியாதுண்ணா. கம்ப்யூட்டரே உருட்டிப் போட்டது. மாசாமாசம் அதுவே மாத்திக்கும்."

அன்பர்களே, யோசித்துப் பாருங்கள்! சின்னதாக ஒரு சாவி கையில் கிடைத்தாலே நாம் எப்படி நடக்கிறோம்? ஸ்டோர் ரூம் சாவி வைத்திருப்பவர் நடையைப் பார்த்திருக்கிறீர்களா? (அவர் இங்கேதான் இருக்கிறார், கோபித்துக்கொள்ள வேண்டாம்.) நாற்பதாயிரம் பேரின் மானத்தைப் பூட்டிவிட்டு, சாவி என்னிடமும் வேண்டாம் என்று நகர்ந்து நின்றாரே ஒரு மனுஷி! நான் கண்ட பெரிய ஆள் அவர்தான். இன்றுவரை நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

ஆனாலும் ஆபத்துக்கு ஒரு வழி வேண்டுமே? கணினிப் பொறுப்பை ஏற்பவர் உள்ளே நுழைய ஒரு அவசரப் பாஸ்வேர்டை மட்டும் ஒரு கவரில் எழுதி, அரக்கு வைத்து, இரும்பு அலமாரியில் வைத்தார். அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி இயக்குநர் ஐயாவிடம். இன்னொன்றை என்னிடம் நீட்டினார். ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. ஐயா, உள்ளதைச் சொல்லலாம் அல்லவா?

"இவன்கிட்டயாம்மா? காலையில சொன்னா மத்தியானத்துக்குள்ள மாடி வரைக்கும் ஒலிபரப்புவானே!"

"அதுக்குத்தான் ஐயா. சாவியை மறைச்சு வைக்கிற ஆள் எனக்கு வேண்டாம். அலமாரியைத் திறந்தா கட்டடத்துக்கே தெரியணும். அதுக்கு மைக்செட் அண்ணனை விட்டா யாரு இருக்கா?"

என் வாயை எல்லோரும் குறை என்றார்கள். பெற்ற தாய் சொன்னாள், கட்டியவள் இன்றும் சொல்கிறாள். அதற்கும் ஒரு வேலை உண்டு என்று கண்டுபிடித்தவர் பூட்டம்மா ஒருவர்தான்.

போன மாதம் ஒரு காலை, பேருந்து நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்த அம்மா எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் ஐயாவும் நானும் ஆளுக்கொரு பூட்டைத் திறந்தோம். கட்டடமே வாசலில் நின்றது, நான்தான் சொல்லிவிட்டேனே! அடுத்து வருகிறவருக்கென்று உள்ளே அந்த அரக்கு வைத்த சின்னக் கவர். மேலே ஒரு தாள். தமிழில், பெரிய பெரிய எழுத்தில். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்து. அது எனக்காக எழுதியது! ஐயா தாளை என் கையில் கொடுத்தார். முதல் வரி:

"முதல்ல கம்ப்யூட்டர்லேருந்து என் பேரை எடுத்துடுங்க."

அம்மா கம்ப்யூட்டருக்குள் நுழைகிற பெயர் அது, லாகின் என்பார்கள். அம்மா விடுப்பில் போனால் கணினியைப் பார்த்துக்கொள்ளும் கவுண்டர் தங்கச்சிதான் அதைச் செய்யவேண்டும். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் மாட்டேண்ணா. ஒரு மாசம் இருந்துட்டுப் போகட்டுமே, அவங்க பேரு."

ஐயாவின் பயம் வேறு. "எல்லாம் அந்தம்மா பேருலதான் ஓடுதோ என்னவோ. பேரை எடுத்து, படியெடுக்கிறது நின்னுபோச்சுன்னா? அப்புறம் கம்ப்யூட்டர் பழுதானா எந்தப் பை என்ன ரத்தம்னு யாரு சொல்லுவா?" என்றார்.

நியாயமான பயம். நான் இரண்டாவது வரியைப் படித்தேன்.

"இருக்கட்டும்னு யாராவது சொல்லுவீங்க. இருக்கக் கூடாது. ஆள் இல்லாத பேருக்குள்ள திருடன் குடியேறுவான். ஒண்ணும் நிக்காது. தைரியமா எடுங்க."

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எடுத்தாள். ஒன்பது வருடப் பெயர், ஒரு நொடியில் போயிற்று. மணி ஒன்றே கால். பதினைந்து நிமிடம் நாங்கள் நின்ற நிற்பை என்னவென்று சொல்வேன்! பிரசவ அறை வாசலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

ஒன்றரை. படியெடுக்கும் பெட்டியில் ஒரு விளக்கு கண் சிமிட்டியது. கமுக்கன் எழுந்துவிட்டான்! யாரையும் கேட்கவில்லை, யார் பெயரையும் தேடவில்லை. தன் சாவியைத் தானே எடுத்து, சத்தமில்லாமல் திறந்து, நாற்பதாயிரம் பேரையும் படியெடுத்து, ஒன்று நாற்பத்தொன்றுக்குப் பச்சை விளக்கைப் போட்டான். தான் இல்லாமல் ஓடவேண்டும் என்பதற்காகவே ஒன்பது வருடம் ஓடிய அம்மையாரே! உங்கள் வேலையை நாங்கள் முழுதாகப் பார்த்தது அந்தப் பதினோரு நிமிடத்தில்தான்!

தாளில் இன்னும் ஒரு வரி மிச்சம் இருந்தது. பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் பார்த்தேன்.

"படிச்சது போதும் மைக்செட். ஆஃப் பண்ணுங்க."

இரண்டு நாள் எனக்குப் பேச்சே வரவில்லை. குளிர்பெட்டி கெட்டுவிட்டதா என்று ஆள் ஆளுக்கு வந்து பார்த்தார்கள்.

இன்று மறுபடியும் ஆன் செய்திருக்கிறேன், ஒரு உறுதி சொல்வதற்காக. இனி எந்தச் சீட்டிலும் சாவி எழுதப்படாது. கம்ப்யூட்டர் அறைத் தாள் எதுவும் கிழித்துப் போடாமல் வெளியே வராது. வேலையை விட்டுப் போகிறவர் பெயர் அன்றைக்கே எடுக்கப்படும், அழுதுகொண்டாவது. இதை நாம் எல்லோரும் சேர்ந்து செய்வோம்.

அலமாரியின் ஒரு சாவி, இதோ, என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. யார் வந்து கேட்டாலும், எதற்குக் கேட்டாலும், ஐயாவே கேட்டாலும், இதே சத்தத்தில் ஊருக்குச் சொல்வேன். பூட்டம்மா எனக்குக் கொடுத்த வேலை அது. உயிர் உள்ளவரை பார்ப்பேன்.

போதும். ஆஃப் பண்ணிவிட்டேன் மேடம்.