வைத்தியர் சொன்னபடி

அந்தப் பாரில் உள்ள கதிரைகளில் பாதி நான் செய்தவை, ஐயா. அதனால் என் மனைவி ஓட்றிக்கு எந்தக் கதிரை வசதியாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. கைப்பிடி வைத்த ஒன்றை எடுத்து, வாவிக் காற்று முகத்தில் படாத மூலையாகப் பார்த்துப் போட்டு, அவளை உட்காரவைத்து, சால்வையைக் கழுத்துவரை சுற்றிவிட்டேன். சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. மட்டக்களப்பில் மிஞ்சியிருக்கிற பறங்கிக் குடும்பங்கள் அத்தனையும் வந்திருந்தன. தமிழ் ஆட்களும் குறைவில்லை. எல்லாரும் ஓட்றியின் இதயத்துக்காக டிக்கெற் வாங்கியவர்கள்.

அவளுடைய இதய வால்வு ஒன்று பழுது. எட்டு மாதங்களுக்கு முன் வைத்தியர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: மனம் பதறக் கூடாது. மற்றவர்கள் இதையெல்லாம் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். நான் அப்படியில்லை. அவளைப் படியிறங்க விடவில்லை. கோயிலுக்குப் போனால் குரலெடுத்துப் பாடுவாள் என்று அதையும் நிறுத்தினேன். தொலைபேசியை என்னிடமே வைத்துக்கொண்டேன். ஆட்கள் வந்தால் கதைத்துக் களைத்துப்போவாள் என்பதால் கேற்றுக்குப் பூட்டுப் போட்டேன். ஆரம்பத்தில் அழுதாள். பிறகு பழகிவிட்டாள். எங்கள் வீடு அந்த எட்டு மாதமும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உங்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். கலியாணம் முடித்துப் பத்தொன்பது வருடத்தில் அவள் முழுக்க எனக்கென்று இருந்த காலம் அதுதான்.

சத்திரசிகிச்சைக்குப் பணம் சேர்க்கலாம் என்று கிளம்பியவன் ட்றெவர். ஓட்றியின் சின்னம்மா மகன். கூடப்பிறந்த தம்பி மாதிரி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பாரைப் பேசி, வயலின்காரரைப் பிடித்து, டிக்கெற்றும் அடித்துவிட்டான். ஊரே சேர்ந்து செய்கிற நல்ல காரியத்தை நான் வேண்டாமென்றால் என்னைத்தான் பிழையாக நினைப்பார்கள். சரி என்றேன்.

மைக்கைப் பிடித்து அவன் சொன்னான்: "ஒப்பரேஷன் முடிஞ்சா மறுகா அக்கா ஓடித் திரிவா. கோயில்ல பாடுவா. அவவ ஒருத்தரும் மறிக்கேலாது."

சனம் கை தட்டியது. ஓட்றி என் பக்கம் திரும்பவேயில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பறங்கி ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காகக் கொண்டாட்டமோ அந்தச் சோடிதான் முதல் கப்றிஞ்ஞா ஆட்டத்துக்கு இறங்க வேண்டும். அதுவரை மற்றவர்கள் கால் வைக்க மாட்டார்கள். வயலின் தொடங்கிவிட்டது. இருநூறு பேர் எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவளால் ஏலாது என்று சொன்னேன்.

"அக்கா எழும்பத் தேவையில்ல அத்தான்," என்றான் ட்றெவர். "கதிரையோட தூக்குவம்."

"வேணாம். டொக்டர் சொன்னது உனக்கும் தெரியும்தானே."

"அவவுக்கு விருப்பமா எண்டு அவவத்தான் கேக்கோணும்."

கேட்டான். "ஓம், தூக்குங்க மனே," என்றாள் என் மனைவி.

நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய் நடுவில் வைத்தார்கள். ட்றெவர் கதிரைக்கு முன்னால் நின்று ஆடினான். அவள் சால்வையைக் கழற்றி மடியில் போட்டுவிட்டு, அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தோளை ஆட்டினாள். வாய்விட்டுச் சிரித்தாள். எட்டு மாதம் நான் பொத்திக் காத்த இதயம், ஐயா.

உளியைப் பற்றிக் கேட்டீர்கள். பார்க்காரர் ரதீஸ் கதவு இறுகுகிறது என்று சொன்னதால் கொண்டுபோனேன் என்றுதான் முதலில் சொன்னேன். அந்தக் கதவை நான் முந்தின கிழமையே சரிசெய்து கொடுத்துவிட்டேன் என்று ரதீஸ் சொல்லியிருந்தால் அதுவும் உண்மைதான்.

நான் கோபத்தில் செய்யவில்லை. கொஞ்சம் வழிவிடுங்கள் என்று கேட்டுக் கேட்டுத்தான் நடுவுக்குப் போனேன். முதல் குத்து ட்றெவரின் கழுத்தில். அதற்குப் பிறகும் அவன் இரண்டு அடி எடுத்து வைத்தான். ஆட்டம் என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள், வயலினும் நிற்கவில்லை. அடுத்த இரண்டும் நெஞ்சில். எலும்பு தட்டியது. உளிப் பிடியை உள்ளங்கையால் அடித்து இறக்கினேன், தொழில் பழக்கம். ஒருவர் இடையில் வந்து உளியைப் பிடித்தார். அவருடைய விரல்கள் போனதற்கு வருந்துகிறேன். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஓட்றி கதிரையிலிருந்து சரிந்து அவன்மேல் விழுந்தாள். அவன் கழுத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கத்தினாள். அப்படிக் கத்துவது அவளுக்குக் கூடவே கூடாது. சனம் வாசலுக்கு ஓடிவிட்டது, அவளைப் பார்க்க என்னைத் தவிர யார் இருந்தார்கள்? சால்வையை நாலாக மடித்து அவள் வாயிலும் மூக்கிலும் வைத்து, தலையை என் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். என் கையில் இருக்கிற கீறல்கள் அவளுடையவை. "பதறாத புள்ள, பதறாத," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினாள். உடனே விட்டால் மறுபடியும் தொடங்குவாள் என்று உங்கள் ஆட்கள் வரும்வரை அப்படியே பிடித்திருந்தேன்.

ட்றெவரைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஆனால் அவன் பெயருக்குக் கீழே எழுதியிருக்கிற இரண்டாவது பெயரை வெட்டிவிடுங்கள், ஐயா. அவளுக்கு இதயம் பலவீனம். நம்பிக்கையில்லையென்றால் டிக்கெற் வாங்கிய இருநூறு பேரையும் கேட்டுப் பாருங்கள்.