குறையே இல்லாத பையன்

— அப்பா, வண்டியை ஓரமா நிறுத்துங்க.

— எதுக்கு கண்ணு? இப்பதானே கிளம்பினோம். உங்க அம்மாவோட சிநேகிதி இன்னும் வாசல்ல நின்னு கையாட்டிக்கிட்டிருக்காங்க.

— அப்ப தெரு திரும்பினதும் நிறுத்துங்க. நிறுத்தலேன்னா ஓடுற வண்டியிலேயே கதவைத் திறந்துடுவேன்.

— என்னடி, வாந்தி வருதா? இந்த வெயில்ல பத்து நாள் அலைஞ்சா வராம என்ன செய்யும்? ஏங்க, அந்த மரத்தடியில நிறுத்துங்க.

— நிறுத்தியாச்சு. சொல்லு.

— எனக்கு வாந்தியும் வரலை, மயக்கமும் வரலை. ஆத்திரம் வருது. அம்மா, உன் வீட்டுக்காரர் உள்ள என்ன பண்ணினாருன்னு தெரியுமா உனக்கு?

— என்ன பண்ணினாரு? நான் சொல்லட்டுமா, என் வாழ்நாள்ல இன்னிக்குத்தான் இவரோட ஒரு வீட்டுக்குப் போயிட்டு தலை நிமிர்ந்து வெளியே வர்றேன். ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருந்தவ, இருபத்தாறு வருஷம் கழிச்சுப் பார்க்கிறேன். நீ பழகின பையன் அவ பையனாப் போயிட்டான், அவனைத்தான் கட்டிப்பேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறே. லீவுக்குப் பழைய சிநேகிதங்களைப் பார்க்கப் போறோம்னு ஒரு பொய்யைச் சொல்லி, இவரோட ஆளுங்க மூணு வீடு, கடைசியா என் ஆளு ஒரு வீடுன்னு நைசா கோத்து விட்டு...

— இதோ பாரு, அந்தப் பொய் எனக்கு மொத நாளே தெரியும். சிநேகிதங்களைப் பார்க்கப் போறவ எதுக்கு மகளுக்கு நாலு புதுச் செருப்பு வாங்குறா?

— தெரிஞ்சேதான் வந்தீங்களா? சந்தோஷம். நான் எவ்வளவு பயந்து போயிருந்தேன்! முதல் மூணு வீட்டுல இவர் அடிச்ச கூத்து போதாதா? இவர் சிநேகிதர் அந்த நெட்டையன் வீட்டுல புதுக் கட்டிலைப் பார்த்துட்டு ஒரு கால் குட்டைன்னாரு. அந்தம்மா ராத்திரி சாப்பாட்டுக்கே முகம் கொடுக்கலை. வக்கீல் வீட்டுல அவங்க பாட்டன் காலத்துச் சாய்வு நாற்காலியை...

— அம்மா, அங்கேயே நில்லு. அந்த நாற்காலியைப் பத்தி அப்பா என்ன சொன்னாரு?

— கரையான் அரிச்சது, பிரம்பு தொங்குது, அடுப்புக்குக் கூட ஆகாதுன்னாரு. வக்கீலுக்குக் கண்ணு சிவந்துடுச்சு.

— இப்ப அந்த நாற்காலி எங்கே?

— நம்ம வண்டி மேலே கட்டியிருக்கு.

— ரயில்வேக்காரர் வீட்டுப் பெரிய கடிகாரத்தை என்ன சொன்னாரு?

— அதை மட்டும் புகழ்ந்தாரு. அருமையான சாமான், பத்திரமா வச்சுக்குங்கன்னாரு.

— அதை வாங்கினாரா?

— இல்லையே.

— ஏன்னா அதுக்குள்ள இயந்திரம் செத்துப் போச்சு. மூணு வருஷமா நம்ம பழைய சாமான் கடையில இவர் பக்கத்துல நிக்கிறேன். பழைய மரச்சாமான்ல பிடிச்ச சாமானை இவர் வாயால நல்லாயிருக்குன்னு சொல்லி நான் கேட்டதே கிடையாது. தட்டுவாரு, மோந்து பார்ப்பாரு, கீல் போச்சு, பலகை வளைஞ்சிருக்குன்னு அழாத குறையாச் சொல்லுவாரு. கடைசியில தூக்கிக்கிட்டு வந்துடுவாரு. வேணாம்னு முடிவு பண்ணிட்டாத்தான் வாயில தேன் ஊறும்.

— யாவாரம்னா அப்படித்தான் கண்ணு. ஆசையைக் காட்டினா அவன் ஏத்திடுவான். இதுல என்ன தப்பு?

— ஒண்ணும் தப்பில்லை. இப்ப நான் கட்டிக்கப் போறவரைப் பத்தி உள்ள என்ன சொன்னீங்கன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. அவ சிநேகிதியோட சமையக்கட்டுல கதை பேசிக்கிட்டிருந்தா, கேட்கலை.

— நல்லதாத்தான் சொன்னேன்.

— நல்லதா? அவரு தன்னோட கண்ணாடிக் கடையிலேர்ந்து கொண்டு வந்த ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்துக் காட்டினாரு. அடடா, என்ன வேலைன்னாரு இவரு. பேச்சு அருமை, பழக்கம் அருமை, தலை வாரியிருக்கிறது அருமை. ‘தம்பிகிட்ட ஒரு குறையும் இல்லை, தம்பியைக் கட்டிக்கப் போறவ குடுத்து வச்சவ’ன்னாரு. யாரோ ஒருத்தி மாதிரி! நான் எதிர்லேயே உட்கார்ந்திருக்கேன்!

— அய்யய்யோ. ஏங்க?

— என்ன அய்யய்யோ? வாயைத் திறந்தா நல்ல வார்த்தைதான் வரணும்னு நீதானே என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினே? சொன்னாலும் தப்பு, சொல்லலேன்னாலும் தப்புன்னா மனுஷன் எங்கே போவான்?

— நாலு வார்த்தை சொல்லச் சொன்னா. நீங்க நாற்பது சொன்னீங்க. அது மட்டுமா? என்னைப் பத்திச் சொன்னதையும் சொல்லுங்களேன்.

— உன்னைப் பத்தியா? என்னடி சொன்னாரு?

— நான் எட்டு மணிக்கு முன்னாடி எழுந்திருக்க மாட்டேனாம். அடுப்புல பால் வச்சா பொங்கி வழிஞ்ச பிறகுதான் ஞாபகம் வருமாம். கோபம் வந்தா ரெண்டு நாள் பேச மாட்டேனாம். நடக்கும்போது தரை அதிருதாம். ‘யோசிச்சுக்குங்க தம்பி, எங்களாலேயே சமாளிக்க முடியலை’ன்னாரு! அவரு சிரிச்சாரு. அவங்க அப்பா சிரிக்கலை. அந்த மனுஷன் எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வச்சாரு.

— நான் சொல்லட்டுமா, நீங்க மனுஷனே இல்லை. அவ பையனைக் குறை சொல்லாதீங்கன்னா, பெத்த பொண்ணைக் குறை சொல்லுவீங்களா? அவ முகத்துல நான் இனி எப்படி முழிப்பேன்? ‘உன் புருஷன் தங்கம்டி’ன்னு கையைப் பிடிச்சுச் சொல்லி அனுப்புறா, எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. தங்கமாம்! பித்தளைக்குக்கூட ஒரு மரியாதை உண்டு!

— திட்டுறதை எல்லாம் வீட்டுக்குப் போய்த் திட்டு. வண்டி வெந்துடும்.

— வேகட்டும்! எனக்கு இன்னும் ஒண்ணு புரியலை. இவளைக் குறை சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு? கடையில வர்றவன் போறவன்கிட்டல்லாம், என் பொண்ணு கண்ணு போதும், தட்டிப் பார்க்காமலே மரத்தோட ஜாதகத்தைச் சொல்லிடுவான்னு பீத்திக்கிறவர் நீங்க.

— அப்படியா சொல்லுவாரு? என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே.

— உன்கிட்ட எதுக்குச் சொல்லுவாரு? கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு வந்து எங்க அப்பாகிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? ‘உங்க பொண்ணு குரல் கட்டை, நிறுத்தாம பேசுது, உயரமும் பத்தலை’ன்னாரு. எங்க அண்ணன் அடிக்கவே போயிட்டான். அடுத்த வாரமே திரும்பவும் வந்து நிக்கிறாரு. அதுக்கு அடுத்த வாரமும். வெட்கமே இல்லாம... ஏங்க.

— என்ன?

— ஒண்ணுமில்லை. திரும்பி இவளைப் பாருங்க.

— ரோட்டைப் பார்க்கிறேன்.

— வண்டிதான் நிக்குதே, ரோட்டுல என்ன இருக்கு? நீங்க குறை சொன்னா அது உங்களுக்கு வேணும்னு அர்த்தம். இன்னிக்குக் குறை சொன்னது யாரை?

— அப்பா?

— தூசி. கண்ணுல தூசி விழுந்துடுச்சு.

— கண்ணாடி எல்லாம் ஏத்தி வச்சிருக்கு, எந்த வழியா வந்துச்சு தூசி? அப்பா, என்னைப் பாருங்க. நான் போயிடக்கூடாதுன்னா அதை என்கிட்ட சொல்லியிருக்கணும். அவர் முன்னாடி என்னைச் சட்டியாட்டம் தட்டிக் காட்டியா தடுக்கிறது? அவர் யாவாரி இல்லை. நீங்க சொன்ன அத்தனையையும் நிஜம்னு நம்பிடுவாரு. ரெண்டு நாள் கழிச்சு அவங்க அப்பா ஃபோன் பண்ணி, யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லுவாரு. அதோட எல்லாம் முடிஞ்சது. அப்புறம் எட்டு மணிக்கு எழுந்து கடைக்கு வர்றேன், உங்க பக்கத்துலேயே நிக்கிறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். ரெண்டு நாள் இல்லை, எத்தனை நாள்னு எண்ணிக்குங்க.

— கண்ணு...

— பேசாதீங்க. நீங்க அவரைப் புகழ்ந்துட்டா என்ன செய்யிறதுன்னுதான் எனக்கு மொதல்லேர்ந்தே பயம்.

— விடுடி. அழாதே. ஏங்க, வாயில கொழுக்கட்டையா? ஏதாவது சொல்லுங்க.

— சொல்லி என்ன? நீ காலையில கடையைத் திறக்கும்போது அந்த முதல் பூட்டைத் திறக்கிற சத்தம் இருக்கு பாரு... சரி, அதை விடு.

— ஏங்க, எதுக்கு வண்டியை எடுக்கிறீங்க? பேசிக்கிட்டிருக்கும்போதே... ஏன் ஒடிக்கிறீங்க? வீட்டுக்கு நேராத்தானே போகணும்?

— அப்பா, எங்கே திரும்புறீங்க?

— அவன் இடது தோள் ஒரு விரக்கடை இறங்கியிருக்கு. பேசும்போது பாதி வார்த்தையை முழுங்குறான். சிரிச்சா ஈறு தெரியுது. ஒரு பக்கமாச் சாய்ஞ்சு நடக்கிறான், அதனால செருப்பு வெளிப்பக்கம் தேய்ஞ்சிருக்கு. வெளிச்சத்துல வச்சுச் சரியாப் பார்க்காம வந்துட்டேன் கண்ணு, இன்னொரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடுவோம்.