நாலு விரல் தொப்பி

— ரெண்டு மணிப் படகு போயிடுச்சா, குருஸ்?

— இப்பத்தான் போச்சு. வெளிநாட்டுக்காரங்க எல்லாம் ஏறியாச்சு. உள்ள வாங்க, செவெரினோ ஐயா. தலையில என்ன துண்டு?

— பல்வலி.

— பல்வலிக்குத் தாடையில இல்ல கட்டணும்?

— கதவைச் சாத்து.

— சாத்திட்டேன். ரெண்டு வருஷமா இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை நீங்க...

— இந்தா. ஊசி அஞ்சு. செம்மறி நூல் ரெண்டு உருண்டை.

— எனக்கா?

— எனக்கு. கத்துக்கொடு.

— எதை?

— தொப்பி பின்ன.

— ...விளையாடாதீங்க. இந்தத் தீவுல எட்டு வயசானா எந்த ஆம்பளைக்கும் தெரியும். நீங்க நடந்துக்கிட்டே பின்றவர். அக்கரைப் பூனோவுக்குப் படகுல போனாலும் கை நிக்காது.

— அந்தப் பின்னல் எவ்வளவு நீளம் இருக்கும்?

— நாலு விரல்.

— எப்பப் பார்த்தே?

— போன வாரம்... அதுக்கு முன்னாடி, திருவிழாவுல. அப்பவும்... ஐயா, எப்பவும் நாலு விரல்தான்.

— ம்.

— ஒரே பின்னலா?

— இருபத்தாறு வருஷமா ஒரே பின்னல். ஊசியை மட்டும் ஆட்டுவேன்.

— அப்போ நீங்க போட்ட தொப்பியெல்லாம்?

— அசுந்தா.

— உங்க வீட்டம்மாவா? பொம்பளைங்க தறியில உக்காருவாங்க. ஊசியை யாரு தொட...

— மெதுவாப் பேசு.

— இருங்க. பொண்ணு கேட்டுப் போனப்போ உங்க மாமனார் நீங்க பின்னின தொப்பியில தண்ணி ஊத்தி, ஒழுகுதான்னு பார்க்கலையா?

— பார்த்தாரு. ஒரு சொட்டு ஒழுகலை. அவரு மகளே பின்னினதாச்சே. என்ன, சிரிக்கிறியா?

— சிரிக்கலை. மூச்சு முட்டுது.

— சின்ன வயசுல அப்பாகூட வெளியூருக்கு மூட்டை தூக்கப் போயிட்டேன். திரும்பி வந்து கேக்க வெக்கம். நீயும்தான் அரெகிப்பா பட்டணத்துல வளர்ந்தே, ஆனாலும் கத்துக்கிட்டே.

— ...ஆமா. இப்போ என்ன அவசரம்?

— அவ கண்ணை மூடி ஒரு வருஷம். அவ பின்னின கடைசித் தொப்பி நேத்து காத்துல ஏரிக்குள்ள போயிடுச்சு.

— அதான் துண்டா.

— ஜனவரி ஒண்ணாம் தேதி ஊர்ச் சபையில நான் பதவி ஏத்துக்கணும். புதுத் தொப்பி, சொந்தப் பின்னல். பெரியவங்க கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பாங்க. இன்னும் பத்தொன்பது நாள்தான்.

— கூட்டுறவுக் கடையில ஒண்ணு வாங்குங்களேன்.

— ஒவ்வொண்ணுலயும் பின்னினவன் பேரு தொங்குதே.

— சரி, என்கிட்ட ஏன்? நான்தான் ஒழுகினவன் ஆச்சே. எங்க சனம், உங்க சனம் எல்லாம் நிக்க, என் தொப்பியில தண்ணி ஊத்தினீங்க. உங்க முழங்கை வரைக்கும் வழிஞ்சுது. என் மக நீவெஸை இவனுக்குத் தர மாட்டேன்னீங்க. என் வயசுக்காரன் எல்லாம் கல்யாணம் முடிஞ்சு முழுச் சிவப்புத் தொப்பி போட்டுட்டான். நான் இன்னும் பாதி வெள்ளையோட அலையறேன்.

— அது ஒழுகலை.

— நான் பார்த்தேனே.

— ஊத்தறதுக்கு முன்னாடி பின்னல்ல ஒரு கண்ணியை நகத்தால அறுத்தேன். திட்டணும்னா திட்டு, குருஸ்.

— எதுக்கு அறுத்தீங்க?

— கையில வாங்கினதும் அசுந்தா கை மாதிரியே இறுக்கம். இப்படிப் பின்றவன் மருமகனா வந்து பக்கத்துல உக்காந்தா என் நாலு விரல் நாலு நாள் தாங்காது. பயந்துட்டேன்.

— ரெண்டு வருஷம், ஐயா. தன் கையிலதான் ஒரு கண்ணி தப்பிப்போச்சுன்னு அழுது, ஊசியையே தொடாம...

— யாரு?

— ...நான்தான்.

— நேத்துகூட படகுத்துறையில ஊசியோட நின்னியே?

— நின்னேன்.

— அப்புறம் என்ன?

— ஒண்ணுமில்லை. நான் இதை வெளியில சொன்னா?

— ஒழுகினவன் வயித்தெரிச்சல்ல பேசறான்பாங்க. யோசிச்சுத்தான் வந்தேன்.

— நல்லா யோசிச்சிருக்கீங்க.

— கத்துக்கொடு. அன்னைக்கே சபையில எழுந்து, அறுத்தது நான்தான்னு சொல்றேன். நீவெஸை உனக்கே தரேன்.

— எல்லார் முன்னாடியும்?

— எல்லார் முன்னாடியும்.

— அவ சம்மதிக்கணுமே.

— அவ வேற எவனையும் ஏறெடுத்துப் பார்க்கலை. ஆரம்பி. நூலைக் கழுத்தைச் சுத்திப் போடணும், அது வரைக்கும் தெரியும். அப்புறம்?

— அப்புறம்... கண்ணி ஏத்துங்க.

— எத்தனை?

— தலைக்குத் தகுந்த மாதிரி.

— என் தலைக்கு எத்தனைடா?

— நிறைய.

— நிறையன்னா? இப்படியா? பாரு, முடிச்சு விழுந்திடுச்சு.

— விழும். முதல்ல அப்படித்தான்.

— இழுத்தா ஊசியோட வருது.

— இழுக்காதீங்க.

— இழுக்காம எப்படி இறுகும்? நீ ஒரு வரி பின்னு. பார்த்துக்கறேன்.

— கை வீங்கியிருக்கு. ரெண்டு நாளா களை பிடுங்கினேன்.

— வீக்கத்தைக் காணோமே. ஒரே ஒரு கண்ணி போட்டுக் காட்டு.

— வெளிச்சம் பத்தலை.

— சன்னல் வெயில் மூஞ்சியில அடிக்குது. பிடி ஊசியை.

— ஐயா...

— ஊசியை ஏன்டா கீழ வைக்கிறே?

— உங்களுது நாலு விரல்.

— ஆமா.

— என்னுது மூணு. நானும் ஊசியை ஆட்டத்தான் செய்வேன்.

— அப்போ நான் அறுத்தது? அந்த இறுக்கம்... அதை யாரு பின்னினது?

— அசுந்தா அம்மாதான் மகளுக்குக் கத்துக்கொடுத்தாங்களாம். இப்போ உங்க வீட்டு முத்தத்துல தறிக்கு முன்னாடி உக்காந்திருப்பா. போய், எத்தனை கண்ணின்னு அவகிட்டயே கேளுங்க, மாமா.