வளைஞ்சு குடுக்கற ஆளு

— உள்ள வந்ததுலருந்து வளைஞ்சு குடுப்பேன், வளைஞ்சு குடுப்பேன்னே சொல்லிட்டிருக்கறயே சாமி, எதுக்கு வளைவ? அதைச் சொல்லு.

— எதுக்கு வேணும்னாலுமுங்கம்மா. இன்னிக்கி ஒரு கம்ப்யூட்டரு வரும், நாளைக்கி வேற ஒண்ணு வரும். ஆளு அதுக்குத் தக்கன மாறிக்கோணுமுங்க. இன்டர்வியூவுல மொதல்ல இதைத்தான் சொல்லோணும்னு சேலத்துல கோர்ஸ் நடத்துன சாரு சொன்னாருங்க.

— அவரு சொன்னாரு, நீ ஒப்பிக்கற. இது லாரி ஆபீசு. டிரைவருங்க பீடிப் புகையை உம்மூஞ்சி மேலயே ஊதுவானுங்க.

— பழகிக்குவேனுங்க.

— கரண்டு இல்லாதப்ப தார்ப்பாய் மடிக்கோணும்.

— மடிச்சுருவேனுங்க.

— ஞாயித்துக்கெழமை எங்கூட்டு எருமைக்குத் தண்ணி காட்டோணும்.

— காட்டறேனுங்க. எருமையெல்லாம் நம்மளுக்குப் பழக்கந்தானுங்களே.

— தூ! கம்ப்யூட்டரு படிச்சுட்டு எருமைக்குத் தண்ணி காட்டறேங்கறயே, மாட்டேன்னு ஒரு வார்த்தை உன் வாயில வராதா? மயில்சாமிதானே உம்பேரு?

— ஆமாங்க. ஆட்டையாம்பட்டியில மாமனாரு ஊட்டுல இருக்கறேனுங்க. நான் சோத்துல கை வெக்கறப்பல்லாம் மாமியா பாத்திரத்தை டங்குனு வெக்கறாங்க. இந்த வேலை கெடைச்சாத்தான் தனிக்குடித்தனம் போக முடியுமுங்க. வெறுங்கையோட வந்து நிக்காதீங்கன்னு எம்பொண்டாட்டி வசந்தாமணி அழுதே அனுப்பிச்சாளுங்க.

— ஓ, அங்க வளைஞ்சு பழகுன முதுகா இது! சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஆயுத பூசைக்கு ஸ்டியரிங்கு, டயரு ஒண்ணு உடாம சந்தனம் அப்பறது எங்க வழக்கம். கம்ப்யூட்டருக்கும் அப்பறதுக்கு வாரேன்னு வெச்சுக்க. பிளாப்பி போடற வாய் இருக்குதே, அதுக்குள்ளாற வழியறாப்பல. நீ என்ன பண்ணுவ?

— சந்தனக் கிண்ணத்தை நானே ஏந்திக்குவேனுங்கம்மா! போன வருசம் இங்க மெசினைப் பாத்துட்டிருந்த பாய் உங்க கையைப் புடிச்சுத் தடுத்தாராமில்லீங்க? டீக்கடையில சொன்னாங்க. என்ன திமிருங்க! அனுசரிச்சுப் போகத் தெரியாத ஆளு. நீங்க தொரத்துனது சரிதானுங்க.

— ரஹமத்துல்லாவைச் சொல்ற. இருக்கட்டும். சந்தனம் உள்ள போனா மெசினு என்னாகும்?

— கெட்டுப்போயிருமுங்க. கோர்சுல சொன்னாங்களே.

— தெரிஞ்சுமா கிண்ணத்தை ஏந்துவ?

— மொதலாளி நீங்க. உங்க மனசு கோணக்கூடாதுன்னுதானுங்க...

— கேட்டுக்க. எஞ்சாமிக்கு ஆகாதவன்னு அவனை அன்னிக்கி நாக்கூசாமப் பேசித் தொரத்திப்போட்டு, இந்தக் கையாலதான் அப்புனேன். பொழுது சாயறதுக்குள்ள மெசினு செத்துருச்சு. கோயமுத்தூர்லருந்து ஆளு வந்து கழட்டிப் பாத்துட்டு, தடுக்கறதுக்கு இங்க ஒருத்தருமே இல்லியான்னு சிரிச்சுட்டுப் போனான். எனக்கு மானமே போயிருச்சு.

— அப்ப நானும் தடுத்துப்போடறேனுங்க! சந்தனமே உள்ள வரக்கூடாதுன்னு சொல்லிப்போடறேன்! மொதல்லயே எனக்கு அப்பிடித்தான் தோணுச்சுங்கம்மா.

— அடச்சீ! நான் மூச்சு உட்டு மூச்சு வாங்கறதுக்குள்ள மறுக்காவும் வளைஞ்சுட்டயே! இவனை நம்பி எந்த மெசினை உடறது?

— அம்மா, கும்புட்டுக் கேக்கறேனுங்க. அந்த ஊட்டுக்குத் திரும்பிப் போக எனக்கு மொகமில்லீங்க. வேலையைக் குடுத்துருங்க.

— குடுக்கறதுக்கு நான் ஆரு சாமி? ஓமலூருக்கே போயி, அவங்கூட்டு வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டு, ரஹமத்துல்லாவைக் கூட்டியாந்துட்டேன், அவனுக்குக் கீழ வேலைக்குத்தான் இப்ப ஆளு தேடறோம். எந்திரி, அந்தக் கதவுக்கு அந்தாண்ட உக்காந்து இத்தனையும் கேட்டுட்டிருக்கறான், அவங்கிட்டப் போயிக் கேளு.