சீரக மிட்டாய்

பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது, மேடம். நேற்று போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் கேட்டபோதும் தலையைத்தான் ஆட்டினேன். அதனால் எழுதித் தருகிறேன். பதினொன்றாம் வகுப்பில் டீச்சர் எழுப்பி வாசிக்கச் சொன்னார். ஒரு வரிகூட வரவில்லை. பின் பெஞ்சில் ஒருத்தி, "வாய்ல கொழுக்கட்டையாடி?" என்றாள். அதன்பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

அம்மாவுக்குக் காரைக்காலில் ஜவுளிக்கடை வேலை. காலை பஸ்ஸில் போனால் இருட்டித்தான் வருவார். தங்கை ஜெர்லினுக்குச் சோறு போடுவதும் வலிப்பு மாத்திரை கொடுப்பதும் என் பொறுப்பு. மாத்திரை தொடங்கியதிலிருந்து அவளுக்கு வலிப்பு வந்ததில்லை.

வரிச்சிக்குடி வயலோரத் தகரக் கொட்டகையில் கிளாட்வின் அண்ணன் நடத்தும் விடியல் வீடு என்ற ஜெபக்கூடத்துக்கு எங்கள் தெரு அமுதம் அக்காதான் என்னை அழைத்துப் போனார். அங்கே மருந்து சாப்பிடுவது விசுவாசக் குறைவு. ஆண்டவர் தனக்குச் செய்ததை ஒவ்வொருவரும் எழுந்து சாட்சியாகச் சொல்ல வேண்டும். நான் வாராவாரம் குனிந்துகொள்வேன். ஒருநாள் அண்ணன் மைக்கை என் கையிலேயே வைத்துவிட்டார்.

"சும்மா சொல்லும்மா. இங்க யாரும் சிரிக்க மாட்டாங்க."

"என் தங்கச்சிக்கு மாத்திரைய நிறுத்திட்டோம். வலிப்பு வரவே இல்ல" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. கை தட்டினார்கள். ஒரு பெரியம்மா அழுதுகொண்டே தன் மகனுக்காக என்னை ஜெபிக்கச் சொன்னார். ஸ்பீக்கரில் என் குரல் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

"அடுத்த வாரம் தங்கச்சியக் கூட்டிட்டு வாம்மா" என்றார் அண்ணன்.

ஜெர்லின் வாயாடி. உள்ளதைச் சொல்லிவிடுவாள். சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்டால் அது பொய் இல்லை என்று யோசித்தேன். மறுநாளிலிருந்து மாத்திரையைச் சாக்கடையில் போட்டுவிட்டுச் சீரக மிட்டாய் கொடுத்தேன்.

"இது மிட்டாய்தானக்கா? அம்மாட்ட சொல்லட்டா?"

"சொன்னா நாளைக்குக் கசப்புதான்."

"அய்யய்யோ, சொல்லலப்பா. இன்னும் ரெண்டு குடு."

விடியல் வீட்டிலும் அதையே சொன்னாள்: "மாத்திரையே இல்ல, மிட்டாய்தான்." அண்ணன் அவளைத் தூக்கிக் காட்டினார்.

சில நாளில், சாப்பிடும்போது அவள் கை வெட்டி வெட்டி இழுத்தது. "கை தூங்கிடுச்சுக்கா" என்றாள். அது வலிப்பு வரப்போவதன் அறிகுறி என்று எனக்குத் தெரியும். அட்டையில் மாத்திரை இருந்தது. மிட்டாயைத்தான் கொடுத்தேன்.

வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் துணி துவைக்கப் போனோம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று என்மேல் தெளித்துக்கொண்டிருந்தவள், அப்படியே குப்புற விழுந்தாள். நான் எழுந்தேன். மதகுமேல் அமுதம் அக்கா வந்துகொண்டிருந்தார்.

"தங்கச்சி என்ன பண்றா பாப்பா?"

இரண்டு எட்டு வைத்தால் தூக்கியிருப்பேன். தூக்கினால் வலிப்பு என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

"மூச்சடக்கி விளையாடுறாக்கா" என்றேன். திக்கவே இல்லை.

அக்கா சிரித்துக்கொண்டே போனார். அவர் மறையும்வரை துணி அலசினேன்.

காலியான மாத்திரை அட்டைகளை அம்மா இன்னும் எறியவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடம் காட்டி, "பெரியவ ஒரு வேளகூட தவறவிடல" என்கிறார். அப்போதெல்லாம் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தங்கையைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் சாட்சி பொய் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மேடம். மாத்திரையை நிறுத்தினோம். அதன்பிறகு அவளுக்கு வலிப்பு வந்தது ஒரே ஒரு தடவைதான்.