மஞ்சள் ஒயருக்கு ஒரு நன்றியுரை

போதும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

நம் பேருந்து நிறுவனத்தின் ஆண்டு விழாவில் நாளை நன்றியுரை சொல்லும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தார்கள். நேற்று நிகழ்ச்சி நிரலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். நேரம் போதாதாம். மேடை போனால் என்ன, தாள் இருக்கிறது. படிக்கிற நீங்கள் எல்லோரும் அரங்கத்தில் எனக்கு எதிரே அமர்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டேன். தொடங்குகிறேன்.

விழாவுக்குத் தலைமை தாங்கும் முதலாளி அவர்களே! அவருக்கே தலைமை தாங்கும் அம்மா அவர்களே! அம்மாவின் உடன்பிறந்தார் என்ற ஒரே தகுதியால் நம் கணினித் துறைக்கே தலைவராகி, நாளை 'ஒரு நொடியும் நில்லாத சேவை'க்கான கேடயத்தைக் கையில் ஏந்தப்போகும் மைத்துனர் அவர்களே! ஓட்டுநர்களே, நடத்துநர்களே, பணிமனைப் பெரியவர்களே, சீட்டு முகப்பில் நாள் முழுவதும் பேச்சு வாங்கியும் முகம் சுளிக்காத தாய்மார்களே! நான் மேடைக்கு வருவேன் என்று கைதட்டக் காத்திருக்கும் நண்பர்களே, வரமாட்டேன் என்று நிம்மதியாய்க் கால் நீட்டியிருக்கும் பகைவர்களே! உங்கள் அனைவருக்கும் நான் பார்த்துக்கொள்ளும் கணினிச் சர்வர் அறையிலிருந்து என் குளிரூட்டப்பட்ட வணக்கம்.

முதலில் ஒரு சொந்தக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். ஒவ்வொரு ஆண்டு விழாவுக்கும் என் நாற்காலியைத்தான் மேடைக்குத் தூக்கிப்போகிறார்கள். ஒவ்வொரு முறையும் அது ஒரு சக்கரத்தை இழந்து திரும்புகிறது. இப்போது நான் வலப்பக்கம் சாய்ந்தபடியே நிறுவனத்தை நடத்திக்கொண்டிருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று நினைத்தவர்களுக்குச் சொல்கிறேன்: மறக்கவில்லை. யார் அங்கே, "விஷயத்துக்கு வாய்யா" என்பது? வருகிறேன் ஐயா, வருகிறேன்.

நம் பயணிகள் கைப்பேசியிலும் முகப்பிலும் சீட்டு எடுக்கிறார்களே, அந்தச் சீட்டைக் கொடுப்பது யார்? முதலாளியா? மைத்துனரா? கண்ணாடி அறைக்குள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு சர்வர்கள். ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். ஒன்று படுத்தால்? படுக்கும் ஐயா! படுக்காத இயந்திரத்தை இன்னும் எவனும் செய்யவில்லை. ஒன்று படுத்தால் மற்றது தாங்கும். அதற்குத்தான் இரண்டு. அதற்குத்தான் கிளஸ்டர் என்று பெயர்.

இரண்டுக்கும் முன்னால் வாசல்காப்பவன் போல ஒரு பெட்டி இருக்கிறது. லோடு பேலன்சர் என்பது அதுதான். வருகிற கூட்டத்தைப் பார்த்து, "நீங்க இந்தப் பக்கம், நீங்க அந்தப் பக்கம், தள்ளாதீங்க" என்று பிரித்து அனுப்பும். எந்தச் சர்வர் தனக்குச் சீட்டுக் கொடுத்தது என்று பயணிக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். பதில் வந்தால் போதும்.

ஆனால் ஒரு சிக்கல். ஒரே பேருந்தை இருவர் விற்கும்போது, ஒருவர் விற்றது மற்றவருக்குத் தெரிய வேண்டாமா? தெரியவேண்டும். அதற்காக இரண்டுக்கும் நடுவில் ஒரு மஞ்சள் ஒயர் ஓடியது. அந்த ஒயர் வழியே நொடிக்கு நொடி ஒன்று கேட்கும், "இருக்கியா?" மற்றது சொல்லும், "இருக்கேன். ஜன்னலோரம் ஒண்ணு வித்துட்டேன், குறிச்சுக்கோ." எங்கள் தொழிலில் இதற்கு இதயத்துடிப்பு என்றே பெயர். எத்தனை வீடுகளில் இந்த அளவுக்காவது பேச்சுவார்த்தை இருக்கிறது, சொல்லுங்கள்! மகளிர் பகுதியில் பலத்த சிரிப்பு. நன்றி.

பேச்சு நின்றுபோனால்? "அவன் போய்ச் சேர்ந்துட்டான், இனி நான்தான் எல்லாம்" என்று ஒவ்வொன்றும் முடிவுகட்டிவிடும். இரண்டும் உயிரோடு இருக்கும், இரண்டும் தலைவனாகிவிடும், இரண்டும் ஒரே இருக்கையை விற்கும். இந்த ஆபத்துக்காகத்தான் மூன்றாவதாக ஒரு சின்னப் பெட்டி கேட்டேன். சாட்சிப் பெட்டி. மேசைக்கடியில் தூசி படிந்து கிடக்கிற பழைய கணினி போதும் என்றேன். நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன்.

"அது என்ன வேலை செய்யும்?" என்றார் மைத்துனர்.

"ஒரு வேலையும் செய்யாது சார். ரெண்டுக்கும் பேச்சு அறுந்தா, யார் விக்கணும், யார் சும்மா இருக்கணும்னு மட்டும் சொல்லும்."

"அந்த வேலைக்குத்தான் எங்க அக்கா இருக்காங்களே!"

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்போடு சாட்சிப் பெட்டியின் கதை முடிந்தது. நான் மறக்கவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. நம்மோடு பங்கு சேர விரும்பிய பெரிய மனிதர்கள் அலுவலகத்தைச் சுற்றிப்பார்க்க வந்த நாள். கண்ணாடி அறைக்கு வெளியே பூந்தொட்டி வைத்தாயிற்று, தரையில் முகம் தெரியத் துடைத்தாயிற்று. மைத்துனர் தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார். பார்வை மஞ்சள் ஒயரில் மாட்டிக்கொண்டது.

"என்னங்க இது, துணி காயப்போட்ட கொடி மாதிரி?"

"ரெண்டு சர்வரும் பேசிக்கிற ஒயர் சார்."

"இது வழியா கஸ்டமர் யாராவது வர்றாங்களா?"

"இல்ல சார், ஆனா..."

"கஸ்டமர் வரல, காசும் வரல. நாள் பூரா இருக்கியா, இருக்கேன்னு வெட்டிப்பேச்சு. விருந்தாளி போற வரைக்கும் அதைக் கழட்டி வைங்க."

"கழட்டக் கூடாது சார்! ஒரே சீட்டை ரெண்டும் விக்கும்!"

"நீங்க எப்பவுமே இப்படித்தாங்க, அபசகுனமா. போய் வர்ற காரையெல்லாம் வரிசையா நிறுத்துங்க, போங்க."

நான், கணிப்பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற நான், வாசலில் நின்று கார்களுக்குக் கைகாட்டினேன். உள்ளே, மின்பணியாளரைக் கூப்பிட்டு ஒயரைக் கழற்றச் சொன்னார் மைத்துனர். அறையைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஓடிவந்து பூட்டைப் பார்த்த நான் அவரைக் கைப்பேசியில் அழைத்தேன். "அப்புறம் பேசலாங்க, போட்டோ எடுத்துட்டிருக்காங்க" என்றார். புகைப்படம் நன்றாகவே வந்திருக்கிறது. வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். மாலையில் சாவி கைக்கு வந்ததும் ஒரு சர்வரை நிறுத்தினேன். ஒயரைக் காணவில்லை. அதற்குள் விற்க வேண்டியதெல்லாம் விற்று முடிந்திருந்தது, இரண்டு இரண்டு முறை.

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் நடந்ததை நடத்துநர் சொல்லக் கேட்டேன். ஜன்னலோர இருக்கையில் தலையணையும் கையுமாக ஒரு பெரியவர் சாய்ந்துவிட்டார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் எதிரே நிற்கிறாள்.

"ஐயா, எந்திரிங்க, இது என் இடம்."

"நல்லாப் பாரும்மா. ஜன்னலோரம், என் பேரு போட்டிருக்கு."

"எனக்கும் ஜன்னலோரம்தான். என் பேருதான் போட்டிருக்கு."

இரண்டையும் வாங்கிப் பார்த்த நடத்துநர் சொன்னார்: "ரெண்டுமே சரியான டிக்கெட்தாங்க. பஸ்ஸுதான் ஒண்ணு குறையுது."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். அன்று சிரிக்காத ஒருவர் உண்டு. சீட்டு முகப்பில் இருக்கும் நம் அக்கா. கத்திய கூட்டம் அத்தனையும் அவரைத்தான் சூழ்ந்துகொண்டது. கூண்டுக்குள் ஒளியாமல் வெளியே வந்து நின்றார். பணிமனைக்குப் பேசி மாற்றுப் பேருந்து வரவழைத்தார். கடைசிப் பயணி ஏறும்வரை உட்காரவில்லை. அதற்குக் கிடைத்த கேடயம் என்ன தெரியுமா? தற்காலிகப் பணிநீக்கம். குற்றம்: ஒரே இருக்கையை இருமுறை விற்றது.

"நான் ஒரு தடவைதாங்க வித்தேன்" என்றார் அக்கா. "இன்னொரு தடவை வித்தது யாருன்னு உங்க மெஷினைக் கேளுங்க. வேலையை விட்டு அனுப்பினா, இந்த வயசுல எனக்கு யாருங்க புதுசா வேலை குடுப்பாங்க?"

யாரும் இயந்திரத்தைக் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. விசாரணையில் சர்வர் என்ற சொல்லே வரக்கூடாது, பயணிகள் பயந்துபோவார்கள் என்று எங்கள் துறைக்கு வாய்மொழி உத்தரவு வந்தது. நாளை விழா, நாளை மறுநாள் விசாரணை. ஒயரைப் பிடுங்கியவருக்குக் கேடயம். பிடுங்கியதால் வந்த அடியைத் தாங்கியவருக்கு வீட்டுக்கு வழி. இதுதான் நாம் லோடு பேலன்ஸ் செய்யும் அழகு: புகழ் முழுவதும் ஒரு பக்கம், பழி முழுவதும் மறு பக்கம்!

நம்பகம் என்றால் என்ன நண்பர்களே? விழாமல் இருப்பதா? விலை உயர்ந்த பெட்டி வாங்குவதா? இல்லை. ஒருவர் விழும்போது பக்கத்தில் இருப்பவர் தாங்குவது. தாங்குவதற்கு முன் தெரிந்துகொள்வது. தெரிந்துகொள்வதற்கு முன் கேட்பது. உயிரில்லாத இரும்புப் பெட்டி நொடிக்கு நொடி தன் துணையைக் கேட்கிறது: "இருக்கியா?" உயிருள்ள நாம், இத்தனை நாளில் அக்காவை ஒருமுறை கேட்டோமா? தொலைபேசியில் கேட்டோமா? தெருவில் கண்டபோது கேட்டோமா? ஒயர் அறுந்தது கண்ணாடி அறைக்குள் மட்டும்தானா?

நன்றியுரை சொல்ல வந்தவன் நன்றி சொல்லாமல் போகக் கூடாது. நம் மின்பணியாளருக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. சொன்னதைச் செய்தவர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சிக்கனமானவர், எதையும் வீணாக்கமாட்டார். இன்று பகலில் விழா அரங்கத்துக்குப் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால், 'ஒரு நொடியும் நில்லாத சேவை' என்ற பேனரைக் கட்டி முடித்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். கயிறு பற்றவில்லையாம். இடது மூலையைத் தூணோடு இழுத்துக் கட்டியிருப்பது எது தெரியுமா? நம்முடைய மஞ்சள் ஒயர்! சர்வர் பெயர் எழுதி நான் ஒட்டிய வெள்ளைச் சீட்டு இன்னும் அதன் முனையில் தொங்குகிறது. காணாமல் போனது என்று நான் தேடிய சாட்சி, கேடயம் வாங்குபவரின் தலைக்கு மேலேயே நிற்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். நாளை மைத்துனர் கேடயம் வாங்கும்போது கைதட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள். ஆனால் கண் மட்டும் இடது மூலையில் இருக்கட்டும். எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்தால் முதலாளியும் திரும்பிப் பார்ப்பார். விழா முடிந்து பேனரை அவிழ்ப்பவர் யாராக இருந்தாலும், அந்த ஒயரை அக்கா கையில் கொடுங்கள். அவர் விசாரணைக்குத் தனியாகப் போக வேண்டாம்.

கீழே பெயர் போடலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். போட்டால், "ஓ, அந்த நாற்காலிக்காரனா? அவனுக்கு எப்பவும் பொருமல்தான்" என்று என்னைப் பேசுவார்கள், ஒயரை விட்டுவிடுவார்கள். நாற்காலிப் பத்தியையாவது நீக்கிவிடலாம் என்றால் மனம் வரவில்லை. எழுதியது யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். முதலாளி கேட்கும்போது, "நான்தான் சார்" என்று ஓட்டுநர் சொல்லலாம், நடத்துநர் சொல்லலாம், பணிமனையே எழுந்து நின்று சொல்லலாம். சந்தேகத்தை ஒருவனே சுமப்பானேன்? பங்கிட்டுக்கொள்வோம்.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. கேட்காமல் கொட்டாவி விட்டவர்களுக்கும் வணக்கம். மூன்று படி எடுத்துவிட்டேன். ஒன்று உணவறைச் சுவரில், ஒன்று லிஃப்ட் கதவில், ஒன்று பணிமனை வாசலில். ஒன்றைக் கிழித்தால் மற்றவை தாங்கும். கையெழுத்து இல்லாமலே ஒட்டப்போகிறேன். எந்தச் சர்வர் பதில் சொன்னது என்று யாருக்கும் தெரிய வேண்டாம். பதில் வந்தால் போதும்.