அறுபத்தொண்ணுல நிக்குது

அட, திருட்டுப் படமெல்லாம் இல்லண்ணே! நீங்க நெட் கம்பெனி ஆளு, டோரண்ட்னு சொன்னதும் அப்படித்தான் பாப்பீங்க. இது என் சொந்தப் படம். உசரத்துல உக்காந்து கிரேன் ஓட்டுறாங்கல்ல, அவங்களப் பத்தி. மூணு வருசம் கேமராவத் தூக்கிக்கிட்டு ஏணி ஏணியா ஏறி நான் எடுத்தது. ஒருவாட்டி மேல காத்துல ஆடுன ஆட்டத்துல வாந்தியே எடுத்துட்டேன். கிரேன்காரர் சிரிச்சுக்கிட்டே தண்ணி பாட்டில நீட்டுனாரு. அதுகூட அதுல இருக்கு.

இந்தா பாருங்க, அறுபத்தொரு சதவீதம்தான் எறங்கிருக்கு. போன மாசம் நின்னது, அதே இடத்துல குத்துக்கல்லாட்டம் நிக்குது. லைன்ல கோளாறுன்னுதான் உங்களக் கூப்பிட்டேன்.

யார் அனுப்புறதா? குண்டூசி. என் கூட்டாளி. ஒல்லியா இருப்பான், காலேஜ்ல வச்ச பேரு. நான் படம் பிடிப்பேன், அவன் எடிட்டிங். அவன் இருக்கறது வேற ஊரு. ஃபைலெல்லாம் மலையாட்டம் இருக்கும், அதனால எங்க ரெண்டு பேருக்கு மட்டும்னு டோரண்ட் போட்டு, அவன் கம்ப்யூட்டர்லேர்ந்து என் கம்ப்யூட்டருக்கு நேரா இழுத்துக்குவோம்.

என்கிட்டயும் எல்லாம் முழுசா இருந்துச்சுண்ணே. இந்தக் கம்ப்யூட்டர்ல விண்டோஸ் இல்ல, லினக்ஸு. ஒரு நாள் அப்டேட் பண்ணேன், அப்புறம் டோரண்டத் திறந்தா, டிஸ்க்ல எழுத அனுமதி இல்லன்னு சிவப்பா ஒரு வரி. பதறிப்போய் அவனுக்குப் போன் போட்டேன். டிஸ்க் போச்சு மச்சான், ஃபார்மேட் பண்ணிரு, என்கிட்டதான் எல்லாம் இருக்கே, ஒரே மூட்டையாக் கட்டி அனுப்பறேன்னான். அவன் சொன்னா எனக்கு வேதவாக்கு. அழிச்சுட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, ஒரு வரி தட்டுனா சரியாப்போற விஷயமாம் அது. பாவம், அவனுக்கும் தெரியலபோலன்னு நெனச்சேன்.

அனுப்புனான், இல்லேங்கல. அறுபத்தொண்ணு வரைக்கும் தடதடன்னு வந்துச்சு. அதோட, அனுப்ப ஆளே இல்லன்னு காட்டுது. அவன் பக்கம் பச்சையா ஓடுதுன்னு போட்டோ புடிச்சு அனுப்பறான். ஃபயர்வால அணைன்னான், அணைச்சேன். போர்ட்ட மாத்துன்னான், மாத்துனேன். வேற டோரண்ட் சாஃப்ட்வேர் போடுன்னான், அதையும் போட்டேன். கடைசில, படம் எறங்குற டிஸ்க்க மட்டும் விட்டுட்டு, லினக்ஸையே மொத்தமாத் தூக்கிட்டுத் திரும்பப் போட்டேன். ஒரு தடவைகூட எரிஞ்சு விழல அவன். சாப்பாட்ட விட்டுட்டு லைன்லயே இருப்பான். இப்படி ஒரு சிநேகிதனான்னு எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. என் பொண்டாட்டிதான் சொன்னா, கம்ப்யூட்டர நோண்டுனது போதும், அந்த ஆளக் கொஞ்சம் நோண்டிப் பாருங்கன்னு. வள்ளுன்னு விழுந்தேன் அவ மேல.

லைன் சுத்தமா இருக்கா? நல்லாப் பாத்துட்டீங்களா? உங்க போன் நெட்டுலயா? அதுல மட்டும் என்ன பெருசா... சரி, குடுங்க. இந்தா, சேந்துருச்சு.

அண்ணே. ஓடுது.

அறுபத்திரெண்டு! அட, அனுப்பறது அவனேதான், இந்தா அவன் நெட்டு நம்பரு. இவ்வளவு நாளா ஆளே இல்லன்னு காட்டுச்சே.

இல்லண்ணே, கம்ப்யூட்டர்ல ஒண்ணுமில்ல. இருங்க, சொல்றேன். ஒவ்வொரு வீட்டு நெட்டுக்கும் ஒரு நம்பர் இருக்குல்ல, என்னுது மாறாத நம்பரு, நீங்கதானே குடுத்தீங்க. அந்த நம்பர மட்டும் தடுத்து வச்சிருக்கான். உங்க போனு புது நம்பரு, அதான் உள்ள விட்டுருச்சு. இப்படித் தடுக்கலாம்னு சொல்லிக்குடுத்ததே நான்தாண்ணே! முன்ன எவனோ தெரியாதவன் உள்ள நுழைஞ்சப்ப, இப்படி அமுக்குறா, வெளிய போயிருவான்னு.

பாவி. கூட இருந்தே குழி பறிச்சுட்டானே! என் விரல வச்சே என் கண்ணக் குத்திட்டானே!

எதுக்குன்னா கேக்கறீங்க? வர்ற வெள்ளிக்கிழமை படத்தப் பெரிய அரங்குல திரையிடறாங்க. விளம்பரம் வந்துச்சு. இயக்கம், ஒளிப்பதிவு, எல்லாத்துக்கும் அவன் பேருதான். என் பேரு எங்கடான்னு கேட்டேன். அச்சுல விட்டுப்போச்சு மச்சான்னான். நானும் சரிதான்னு விட்டுட்டேன். கேமரா கார்டெல்லாம் அப்பப்ப அழிச்சு அழிச்சு எடுத்தது, நான் எடுத்தேன்னு காட்ட இப்ப என்கிட்ட என்ன இருக்கு? முழுசா வராம இந்த மூட்டை திறக்காது. நான் வாந்தி எடுத்ததுகூட அவன்கிட்டதான் இருக்கு.

அண்ணே, கோவிச்சுக்காதீங்க, இந்தப் போன கொஞ்ச நேரம் இங்கயே வச்சிருக்கலாமா? அறுபத்தஞ்சு வந்துருச்சு, இந்தா...

என்னது, நின்னுருச்சு? நீங்க எதையும் தொட்டீங்களா? டேட்டா இருக்குல்ல? சிக்னலும் இருக்கு.

உங்க நம்பரையும் தடுத்துட்டான். அப்படின்னா அவன் அங்க உக்காந்து பாத்துக்கிட்டே இருக்காண்ணே.

இருங்க, என் போன் அடிக்குது. அவன்தான். நீங்க சத்தம் போடாதீங்க, ஸ்பீக்கர்ல வைக்கிறேன். எவ்வளவு பாசமாக் கேப்பான் பாருங்க, என்ன மச்சான், இன்னும் ஓடலையான்னு.